பழைய கடைத்தெருவும் கேபிள் வயரும்: அமெரிக்க நகராட்சிகள் ஏன் தலைநகருக்கு அலைகின்றன?

அமெரிக்காவின் சிறுநகரங்கள் ஒவ்வொரு ஆண்டும் தங்கள் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு கோரிக்கைப் பட்டியல் அனுப்பும். குடிநீர்க் குழாய்க்குப் பணம், சாலைக்குப் பணம் என்று வழக்கமான விஷயங்களுக்கு நடுவே பல ஆண்டுகளாக இரண்டு கோரிக்கைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, பழைய கடைத்தெருக் கட்டடங்களைப் புதுப்பிப்பவர்களுக்கான வரிக்கழிவை நிறுத்தாதீர்கள் என்பது. இன்னொன்று, எங்கள் ஊரில் யார் கேபிள் டிவி நடத்துவது என்பதில் எங்களுக்கு இருக்கிற அதிகாரத்தைப் பறிக்காதீர்கள் என்பது. நூறு வருடத்துச் செங்கல் கட்டடத்துக்கும் கேபிள் வயருக்கும் என்ன தொடர்பு என்று முதலில் யாருக்கும் தோன்றும். தொடர்பு தெருதான். இரண்டுமே நகராட்சியின் தெருவில் நடக்கிற விஷயங்கள், இரண்டிலும் முடிவெடுக்கும் இடம் நகராட்சிக்கு வெளியே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு அடிப்படை விஷயம் தெரிய வேண்டும். அமெரிக்க அரசியல் சட்டத்தில் நகரம், நகராட்சி என்ற பேச்சே கிடையாது. மத்திய அரசு உண்டு, மாநிலங்கள் உண்டு, அவ்வளவுதான். நகராட்சி என்பது மாநிலம் சட்டம் போட்டு உருவாக்கியது, அதனால் மாநிலம் எழுதிக் கொடுத்த அதிகாரம் மட்டுமே அதற்கு உண்டு என்று 1868இல் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் ஒரு தீர்ப்பில் சொன்னார், அதற்கு இன்றும் ‘டில்லன் விதி’ என்றே பெயர். 1907இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ இதையே உறுதி செய்தது: மாநிலம் நினைத்தால் ஒரு நகராட்சியின் அதிகாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நகராட்சியையே கலைக்கலாம். பிற்பாடு பல மாநிலங்கள் நகரங்களுக்குத் தன்னாட்சி கொடுத்தன என்றாலும், மாநிலம் ஒரு துறையில் சட்டம் போட்டுவிட்டால் அங்கே நகராட்சி ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால்தான் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மேயரே, இன்னொரு அரசிடம் போய்த் தன் ஊருக்காக வாதாட வேண்டியிருக்கிறது. இந்த வேலையை நகரங்கள் தனித்தனியாகச் செய்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் நகராட்சிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கும், அதற்குச் சட்டமன்றத்திலேயே குடியிருக்கிற மாதிரி ஆட்கள் இருப்பார்கள். மசோதா குழுவுக்குப் போகும் நாளில் மேயர்கள் வந்து சாட்சி சொல்வார்கள், நகரமன்றங்கள் தீர்மானம் போட்டு அனுப்பும், உள்ளூர்ச் சட்டமன்ற உறுப்பினரைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவை நடந்து காட்டுவார்கள். கட்சிச் சண்டையைத் தாண்டி நடக்கும் வேலை இது.

இந்த இரண்டு போராட்டங்களையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமென்றால் நார்த் கரோலைனாவின் சால்ஸ்பரிக்குப் போகலாம். முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர்.

முதலில் கடைத்தெரு. அமெரிக்கர்கள் டவுன்டவுன் என்று சொல்லும்போது, குறிப்பாகச் சிறு ஊர்களில், நினைப்பது நீதிமன்றம், வங்கி, ஓட்டல், சினிமா கொட்டகை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பழைய மையத்தை. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் இரண்டு மாடி, மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள், கீழே கடை, மேலே வீடோ வக்கீல் ஆபீஸோ. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெடுஞ்சாலைகள் வந்தன, ஊருக்கு வெளியே கார் நிறுத்த இடத்தோடு ஷாப்பிங் சென்டர்கள் வந்தன, வியாபாரம் அங்கே போய்விட்டது. மிஞ்சிய கடைக்காரர்கள் புதுசாகத் தெரியட்டும் என்று பழைய செங்கல் முகப்புக்கு மேல் அலுமினியத் தகடு அடித்தார்கள், மேல்மாடி ஜன்னல்களைப் பலகை வைத்து மூடினார்கள். நகராட்சிகளும் பல இடங்களில் கட்டடங்களை இடித்துக் கார் நிறுத்துமிடமாக ஆக்கின. அந்தப் பத்து இருபது வருடங்களில் இடித்ததை நினைத்தால் வயிறு எரியும். அந்த மாதிரிச் செங்கல் வேலையை இன்றைக்கு யாரும் செய்து தரப்போவதில்லை.

இதற்கு எதிரான சட்டப் பாதுகாப்பு மெல்ல மெல்லத்தான் வந்தது. 1931லேயே சார்ல்ஸ்டன் நகரம் தன் பழைய பகுதிக்குத் தனி விதி போட்டது. 1963இல் நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்க ஆரம்பித்தபோதுதான் நாடே அதிர்ந்தது, 1966இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் கீழ் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேடும் வந்தது. பலர் நினைப்பது போல இந்தப் பதிவேட்டில் பெயர் ஏறினால் கட்டடம் காப்பாற்றப்பட்டுவிடாது. சொந்தக்காரர் தன் பணத்தில் இடித்தால் மத்திய அரசு தடுக்காது. தடுக்கும் அதிகாரம் உள்ளூர் விதியில் இருக்கிறது, அந்த விதி போட மாநிலத்தின் அனுமதி வேண்டும்.

தடை மட்டும் போட்டு ஒரு தெருவைக் காப்பாற்றவும் முடியாது. பூட்டிக் கிடக்கிற கட்டடம் கூரை ஒழுகித் தானாக விழுந்துவிடும். யாராவது அதில் பணம் போட வேண்டும், அந்தக் கணக்கு இடிக்கிற இடம்தான் வரிக்கழிவு நுழைகிற இடம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மூன்று மாடிப் பழைய கட்டடம் ஒன்றைச் சரிசெய்ய 10 லட்சம் டாலர் ஆகும். சரிசெய்து முடித்தபின் அது தரும் வாடகையை வைத்து வங்கி அதை மதிப்பிட்டால் 7 லட்சம்தான் வருகிறது. போட்ட பணமே திரும்பாது என்னும்போது வங்கி கடன் தராது, யாரும் கை வைக்கமாட்டார்கள். இடையில் 3 லட்சம் பள்ளம். மத்திய அரசின் வரிக்கழிவு 20 சதவீதம், அதாவது 2 லட்சம். நார்த் கரோலைனா 1998 முதல் அதோடு சேர்த்து இன்னொரு 20 சதவீதம் கொடுத்தது, அது 2 லட்சம். பள்ளம் தூர்ந்துவிட்டது. வரிக்கழிவு என்றால் வருமானத்தில் கழிப்பது என்று குழப்பிக்கொள்ள வேண்டாம், கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழிப்பது இது. சும்மாவும் கொடுப்பதில்லை. கட்டடம் அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும், வருமானம் தருகிற சொத்தாக இருக்க வேண்டும், ஜன்னல் சட்டகம் முதல் செங்கல்லுக்கு இடையில் பூசும் சாந்து வரை உள்துறை அமைச்சகத்தின் விதிப்படி வேலை நடக்க வேண்டும். பணத்தைப் போட்டு வேலையை முடித்தால்தான் கழிவு.

சால்ஸ்பரி இந்த விஷயத்தில் முன்னோடி. 1972இல் தொடங்கிய ஹிஸ்டாரிக் சால்ஸ்பரி பவுண்டேஷன், இடியப்போகும் வீடுகளைத் தானே வாங்கி, இடிக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி, பிறகு புதுப்பிக்க முன்வருபவர்களுக்கு விற்றது. வந்த பணத்தில் அடுத்த வீடு. 1908இல் கட்டிய ரயில் நிலையத்தையும் அந்த அமைப்புதான் காப்பாற்றியது. 1980இல் தேசிய அளவில் ‘மெயின் ஸ்ட்ரீட்’ திட்டம் தொடங்கியபோது நார்த் கரோலைனாவில் முதலில் தேர்ந்தெடுத்த ஐந்து ஊர்களில் சால்ஸ்பரியும் ஒன்று. கட்டடத்தைச் சரிசெய்வது, கடைக்காரர்களை ஒன்றுசேர்ப்பது, ஆட்களை வரவழைப்பது, வியாபாரத்தைப் பெருக்குவது ஆகிய நான்கையும் ஒன்றாகச் செய்ய வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் சாரம். எனக்குப் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் கட்டடத்துக்கு வெள்ளையடித்துவிட்டு உள்ளே யாரும் இல்லாமல் விட்ட ஊர்கள் ஏராளம்.

அப்புறம் 2014 முடிவில் மாநில வரிக்கழிவு காலாவதியானது. வரி விகிதத்தை எல்லோருக்கும் குறைப்போம், தனித்தனிச் சலுகைகள் வேண்டாம் என்பது அப்போதைய மாநிலச் செனட் தலைமையின் கொள்கை. கொள்கையாக அது பொருத்தமான வாதம்தான், ஆனால் பாதி பேசி முடித்திருந்த கட்டட வேலைகள் அங்கங்கே நின்றன. அப்போது மாநிலக் கலாச்சாரத் துறையின் செயலாளராக இருந்தவர் சூசன் க்ளட்ஸ். 1997 முதல் 2011 வரை சால்ஸ்பரியின் மேயராக இருந்தவர். ஆளுநர் பாட் மெக்ரோரியும் சார்லட் நகரத்தின் முன்னாள் மேயர். இருவருக்கும் கடைத்தெரு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. க்ளட்ஸ் ஊர் ஊராகப் போனார். ஒவ்வொரு ஊரிலும் புதுப்பித்த ஒரு கட்டடத்தையும் காத்திருக்கிற ஒரு கட்டடத்தையும் காட்டி, உள்ளூர் மேயர்களையும் வியாபாரிகளையும் பேசவைத்தார். 2015 செப்டம்பரில் பட்ஜெட்டோடு சேர்ந்து வரிக்கழிவு திரும்ப வந்தது, 2016 ஜனவரியிலிருந்து நடைமுறை. ஆனால் அளவு குறைந்தது: பழைய 20க்குப் பதிலாக அடிப்படை 15 சதவீதம், பெரிய திட்டங்களுக்கு இன்னும் குறைவு, பின்தங்கிய மாவட்டங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

நகராட்சிகளின் வாதாடல் ஜெயிப்பது பெரும்பாலும் இப்படித்தான். புள்ளிவிவரத்தைவிட, தங்கள் தொகுதியில் நிற்கிற ஒரு கட்டடம் உறுப்பினர்களை அசைக்கும்.

சரி, கேபிளுக்கு வருவோம். இங்கே எதிர்த் தரப்பில் பெரிய நிறுவனங்கள் இருப்பதால் கதை வேறு மாதிரி போகும்.

கேபிள் டிவி 1940களின் கடைசியில், ஆன்டெனாவில் படம் வராத மலையோர ஊர்களில் ஆரம்பித்தது. வீடு வீடாக வயர் இழுக்க நகராட்சியின் தெருவும் கம்பமும் வேண்டும், அதனால் நிறுவனம் நகராட்சியிடம் உரிமம் வாங்கியது. அந்த உரிமம் வெறும் அனுமதிச் சீட்டு கிடையாது, ஒரு முழு ஒப்பந்தம். ஊரின் எல்லாப் பகுதிக்கும் இத்தனை ஆண்டுக்குள் வயர் போட வேண்டும், ஏழைகள் இருக்கும் தெருவை விட்டுவிடக் கூடாது. தோண்டிய நடைபாதையை முன்பு இருந்த மாதிரியே போட்டுத்தர வேண்டும், செங்கல் தளம் என்றால் சிமெண்டைக் கொட்டிவிட்டுப் போக முடியாது. பள்ளிக்கும் நூலகத்துக்கும் இணைப்பு தர வேண்டும். நகரமன்றக் கூட்டத்தை நேரலையில் காட்ட ஒரு சேனல் ஒதுக்க வேண்டும். தெருவைப் பயன்படுத்துவதற்கு வாடகை போல ஒரு கட்டணமும் கட்ட வேண்டும், 1984இல் வந்த மத்தியச் சட்டப்படி அது கேபிள் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

பெரும்பாலான ஊர்களில் ஒரே ஒரு நிறுவனம்தான் இருந்தது. 1984 சட்டம் சந்தாக் கட்டணத்தின் மீதான கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்தியது, கட்டணங்கள் ஏறின, மக்கள் கொதித்தார்கள். 1992இல் நாடாளுமன்றம் புதிய கேபிள் சட்டம் கொண்டுவந்தது, அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) அதை நிராகரித்தார், அவருடைய நிராகரிப்புகளில் நாடாளுமன்றம் மீறி நிறைவேற்றிய ஒரே சட்டம் இதுதான். ஒரே நிறுவனத்துக்கு மட்டும் என்று ஏகபோக உரிமம் கொடுக்க நகராட்சிகளுக்குத் தடை வந்தது, இரண்டாவது ஆள் கேட்டால் நியாயமான காரணம் இல்லாமல் மறுக்கவும் கூடாது.

இரண்டாவது ஆள் வந்தாரா? அதிகம் வரவில்லை. புதிதாகப் படிப்பவர்கள் தவறவிடுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கேபிளில் செலவெல்லாம் முதலில். ஒரு தெருவில் நூறு வீடு என்றால், ஐம்பது வீடு சந்தா கட்டினாலும் தொண்ணூறு வீடு கட்டினாலும் தெரு முழுக்க வயர் இழுக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் வந்தவர் போட்ட பணத்தை எடுத்துவிட்டார். இரண்டாவதாக வருபவர் அதே பணத்தைப் போட்டுப் பாதி வாடிக்கையாளருக்குச் சண்டை போட வேண்டும், முதல் ஆள் அந்தத் தெருவில் மட்டும் விலையைக் குறைத்தால் புதியவர் காலி. நகராட்சி உரிமம் கொடுக்கத் தாமதித்ததும் சில இடங்களில் உண்மைதான். ஆனால் போட்டி வராததற்குப் பெரிய காரணம் இந்தச் செலவுக் கணக்கு என்பதே என் கருத்து.

2005 வாக்கில் தொலைபேசி நிறுவனங்கள் டிவி தொழிலுக்குள் வந்தபோது காட்சி மாறியது. வெரைசான் அந்த ஆண்டு செப்டம்பரில் டெக்சஸின் கெல்லர் என்ற ஊரில் தன் ஃபைபர் டிவியைத் தொடங்கியது. ஒவ்வொரு ஊராகப் போய் உரிமம் வாங்கினால் ஆயிரக்கணக்கான பேச்சுவார்த்தை ஆகும், மாநிலமே ஒரே உரிமமாகக் கொடுத்துவிடட்டும், போட்டி வரும், விலை குறையும் என்பது இந்த நிறுவனங்களின் வாதம். டெக்சஸ் அதே ஆண்டு சட்டம் போட்டது. 2006இல் கலிஃபோர்னியா, இண்டியானா, நார்த் கரோலைனா என்று வரிசையாகத் தொடர்ந்தன. இதையே நாடு முழுவதற்கும் செய்யும் மசோதா 2006 ஜூனில் நாடாளுமன்றக் கீழவையில் 321க்கு 101 என்று தேறி, செனட்டில் நின்றுபோனது. டிசம்பரில் எஃப்சிசி, அதாவது மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம், தானே ஓர் உத்தரவு போட்டு, தெருவில் ஏற்கெனவே வயர் வைத்திருக்கிற நிறுவனம் விண்ணப்பித்தால் நகராட்சி 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றது.

நகராட்சிகளின் பதில் என்ன? போட்டி வேண்டாம் என்று எந்த மேயரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அடுத்த தேர்தலில் தோற்றிருப்பார். வாருங்கள், ஆனால் ஊர் முழுக்க வாருங்கள், பணக்காரத் தெருக்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளாதீர்கள், முதல் நிறுவனத்துக்கு வைத்த நிபந்தனைகள் உங்களுக்கும் பொருந்தட்டும் என்றார்கள். பல மாநிலச் சட்டங்களில் இது எடுபடவில்லை. நார்த் கரோலைனாவில் உரிமம் கொடுக்கும் வேலை மாநிலச் செயலர் அலுவலகத்துக்குப் போனது. ஆனால் நகராட்சிக் கூட்டமைப்பு ஒன்றைச் சாதித்தது: இழந்த கட்டணத்துக்கு ஈடாக மாநில விற்பனை வரியில் ஒரு பங்கு நகரங்களுக்கு வரும்படி சட்டத்திலேயே எழுதவைத்தார்கள். முழுமையாகத் தடுக்க முடியாத மசோதாவில் வருமானத்தையாவது காப்பாற்றுவது நகராட்சி வாதாடலில் பாதி வேலை.

கட்டடமும் கேபிளும் நேருக்கு நேர் மோதிய இடமும் உண்டு. தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி தன் டிவி சேவைக்காக சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் 726 இரும்புப் பெட்டிகள் வைக்கத் திட்டமிட்டது. விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் அனுமதித்தது தவறு என்று குடிமக்கள் அமைப்புகள் வழக்குப் போட்டன, 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் முடிவு சரியே என்றது. பழைய வீடுகளின் வாசலில் ஒரு பெட்டி நின்றால் தெருவின் முகம் மாறும், பெட்டி இல்லாவிட்டால் இரண்டாவது நிறுவனம் வராது. இந்த இழுபறியைத் தெருவைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரர்கள்தான் தீர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

வேறு சில ஊர்கள் இரண்டாவது ஆளுக்குக் காத்திருக்காமல் தாங்களே இறங்கின. கென்டக்கியின் கிளாஸ்கோ 1980களின் கடைசியில் ஊர் மின்வாரியம் மூலம் கேபிள் தொடங்கியது, ஏற்கெனவே இருந்த நிறுவனம் உடனே விலையைக் குறைத்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது நினைவுக்கு வரலாம், ஆனால் அங்கே இறங்கியது மாநில அரசு, இங்கே ஒரு சிறு நகராட்சி. நார்த் கரோலைனாவின் வில்சன் நகரம் 2008இல் கிரீன்லைட் என்ற ஃபைபர் சேவையைத் தொடங்கியது. 2010இல் நம் சால்ஸ்பரி ஃபைப்ரன்ட் என்ற தன் ஃபைபர் சேவையைத் தொடங்கியது, மேயர் அதே சூசன் க்ளட்ஸ்.

மாநிலம் சும்மா இருக்கவில்லை. 2011இல் கேபிள் நிறுவனங்கள் ஆதரித்த மசோதா ஒன்று சட்டமானது, ஆளுநர் பெவ் பெர்டூ கையெழுத்துப் போடாமலே அது அமலுக்கு வந்தது. இனிமேல் ஒரு நகராட்சி இந்தத் தொழிலில் இறங்க வேண்டுமென்றால் கடன் வாங்குவதற்கு முன் வாக்கெடுப்பு நடத்த வேண்டும், அடக்கவிலைக்குக் கீழே விற்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று அடுக்கடுக்கான நிபந்தனைகள். ஏற்கெனவே தொடங்கிய வில்சனுக்கும் சால்ஸ்பரிக்கும் விலக்கு கிடைத்தது, ஆனால் விரிவடைய எல்லை வகுக்கப்பட்டது. 2015இல் எஃப்சிசி இந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கப் பார்த்தது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலத்துக்கும் அதன் நகரங்களுக்கும் இடையில் நுழைய ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. டில்லன் சொன்னதுதான் மறுபடியும்.

ஃபைப்ரன்ட் நன்றாக ஓடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேகத்தில் நாட்டிலேயே முன்னணியில் இருந்தது, 2015இல் ஊர் முழுக்க 10 கிகாபிட் கொடுத்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு சந்தாதாரர்கள் சேரவில்லை, கடன் சுமை நகரத்தின் கடன் தரமதிப்பீட்டையே இறக்கியது, 2018இல் வாக்காளர்களின் ஒப்புதலோடு ஹாட்வயர் என்ற தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். வில்சனின் கிரீன்லைட் நிலைத்து நின்றது. இரண்டாவதாக வருபவரின் செலவுக் கணக்கு நகராட்சி என்பதால் மாறிவிடுவதில்லை. அந்த ஆபத்தை எடுப்பதா வேண்டாமா என்று ஓர் ஊர் தானே முடிவெடுக்கலாமா என்பதுதான் மாநிலத் தலைநகர் ராலியில் நடந்த சண்டை.

இப்போது சண்டை ஸ்ட்ரீமிங்குக்கு நகர்ந்திருக்கிறது. கேபிள் சந்தாவை மக்கள் விட விட நகராட்சியின் 5 சதவீதமும் சுருங்குகிறது. நெட்ஃபிளிக்ஸும் எங்கள் தெருவுக்கு அடியில் ஓடுகிற வயரில்தானே போகிறது, கட்டணம் கட்டட்டும் என்று பல ஊர்கள் வழக்குப் போட்டன. 2022இல் டென்னசி, ஒஹாயோ இரண்டு மாநில உச்ச நீதிமன்றங்களும் நெட்ஃபிளிக்ஸ் பக்கமே தீர்ப்பளித்தன. கட்டட வரிக்கழிவும் நார்த் கரோலைனாவில் நிரந்தரமாக்கப்படவில்லை, காலாவதித் தேதி வைத்துத்தான் திரும்பக் கொடுத்தார்கள், அந்தத் தேதி நெருங்கும்போதெல்லாம் மேயர்கள் கோப்பைத் தூக்கிக்கொண்டு ராலிக்குப் போகிறார்கள்.